ஆற்று நடுவில் நின்ற அம்மா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கையில் போன் இருந்தால் போதும், பிள்ளைகள் எந்த நாட்டில் சுற்றினாலும் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எங்கள் வீட்டுக் கதையை அவர் கேட்க வேண்டும். ஒரே வித்தியாசம், எங்கள் வீட்டில் சுற்றப் போனது பிள்ளை இல்லை, நான்.

நான் ஓய்வுபெற்ற தாதி, வயது 61. பட்டர்வொர்த்திலிருந்து வாரம் ஒரு தடவை ஃபெர்ரி ஏறி பினாங்குத் தீவின் லிட்டில் இந்தியாவுக்குப் பூ வாங்கப் போவேன். அப்படியே லெபோ சூலியா பக்கம் நடந்தால், லவ் லேன் விடுதி வாசல்களில் பெரிய பெரிய பைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்ப்பேன். இருபது வருடமாகப் பார்த்தாயிற்று. வேலை முடிந்ததும் நானும் ஒரு பை வாங்கினேன்.

பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறி பாடாங் பெசார் போனேன். இரண்டு நாட்டு முத்திரையையும் அந்த ஒரே நிலையத்தில் குத்திவிடுகிறார்கள். அப்புறம் ஹாட்யாய், பாங்காக், சியாங் ராய். பையை விட மகனின் கவலைதான் கனம். புலனத்தில் (வாட்ஸ்அப்) நேரலை இருப்பிடத்தைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவன் கட்டளை. அது ஒரு தடவைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடாது. நின்றதும் போன் வரும்: "மா, லொக்கேஷன் போடுங்க." நோயாளிக்கு மருந்து கொடுக்கிற மாதிரி நேரம் பார்த்துப் போட்டேன்.

லாவோஸ் எல்லையில் ஹுவாய் சாய் என்ற ஊரிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மெதுவான படகு ஒன்று போகிறது. இரண்டு நாள் பயணம், இடையில் பாக்பெங்கில் ஓர் இரவு. புறப்பட்டுக் கொஞ்ச தூரத்துக்கு மெக்கோங்கின் ஒரு கரை தாய்லாந்து, மறு கரை லாவோஸ். என் போனில் இருந்தது தாய்லாந்து சிம். தாய்லாந்துக் கரை முடிந்தது, சிக்னலும் முடிந்தது. நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த அம்மாள் கொடுத்த ஒட்டரிசிச் சோற்றை உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? வரைபடத்தில் என் படம் போட்ட வட்டம் ஆற்றுக்கு நட்ட நடுவில் நின்றுவிட்டது. "அம்மா தண்ணிக்குள்ள நிக்கிறாங்க" என்று மகன் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறான். சுங்கை பட்டாணியில் என் தங்கை விளக்கேற்றி உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் பாக்பெங் விடுதியில் வைஃபை கிடைத்ததும் 64 செய்திகள். கடைசிச் செய்தி தங்கையுடையது: "இந்த வயசுல உனக்கு எதுக்குடி பை?"

தப்பு என்னுடையதும்தான். படகில் சிக்னல் இருக்காது என்று நான் முன்கூட்டியே சொல்லவில்லை. ஆனால் அந்த வட்டம் இல்லாதிருந்தால் யாரும் பயந்திருக்க மாட்டார்கள் என்பதையும் அந்த வாசகர் யோசிக்க வேண்டும்.

அன்று இரவே இன்னொரு கூத்து. லுவாங் பிரபாங்கில் அறை பதிவு செய்ய வங்கி அட்டையைப் போட்டால், வங்கி அனுப்பும் டேக் நம்பர் (ஒருமுறைக் கடவு எண்) மலேசிய எண்ணுக்குப் போகிறது. அந்த சிம்மோ, கடப்பிதழின் பின்னட்டையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்திருந்தேன். பிளாஸ்திரியை உரித்து, ஊசிக்குப் பதில் தோட்டுத் திருகாணியின் தண்டால் போனைத் திறக்கப் பார்த்து, கடைசியில் விடுதிக்காரப் பெண்தான் திறந்து கொடுத்தாள். இப்போது இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம், போடுகிற போன் வாங்கிவிட்டேன். மலேசிய சிம் உள்ளேயே இருக்கும், அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அடைத்துவிட வேண்டும். போகிற நாட்டு டேட்டாவுக்கு இ-சிம். பவர் பேங்க் விஷயம் பலருக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்: விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

மகனுக்கும் எனக்கும் இப்போது ஒப்பந்தம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரே செய்தி, மலேசிய நேரம் இரவு ஒன்பதுக்குள். மலேசிய நேரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், தாய்லாந்தும் லாவோஸும் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். அந்த ஒரு மணி நேரத்துக்கே ஒரு நாள் சண்டை நடந்தது. தங்கும் விடுதிகளின் பெயர்கள் தாளில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில். வட்டம் கிடையாது.

டிசம்பரில் மகன் வியட்நாம் போகிறான். அவனே தாள் எழுதி ஒட்டிவிட்டான். நான்காம் நாளுக்கு நேராக 'மலைப்பாதை, சிக்னல் இருக்காது' என்று இருக்கிறது. அதில் எனக்குக் கவலை இல்லை. மோட்டார் சைக்கிளில் போகிறேன் என்கிறானே, அதற்குத்தான் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

ஓய்வுபெற்ற தாதி,
பட்டர்வொர்த்