பூட்டிய கண்ணாடிக் குடிலையும் திறந்து காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் தாவரவியல் தோட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்படும் நாட்களை நான் தவறவிடுவதில்லை. அப்படிப் போய்ப் போய் மனதில் தங்கிவிட்ட ஒரு குறையைத்தான் எழுதுகிறேன்.

கடைசியாகப் போன தோட்டத்தில் வாசலை ஒட்டியே மேடை போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி, வரிசையாகப் பூந்தொட்டிகள். வந்தவர்களில் பலர் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். உள்ளே கண்ணாடிக் குடிலில் பூட்டுத் தொங்கியது. விவரம் கேட்கத் தோட்டக்காரரைத் தேடினேன். அவர் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் விசிலும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். "இன்னிக்கு எனக்கு இங்கதான் டியூட்டி சார்" என்றார். எந்த விதை எத்தனை நாளில் முளைக்கும் என்று விரல் நுனியில் வைத்திருப்பவரை, மக்கள் வரும் அந்த ஒரு நாளில் வாசலுக்கு அனுப்பிவிட்டார்களே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு தோட்டத்தில் எனக்குக் கிடைத்தது நேர்மாறான அனுபவம். அங்கே ஒரு வயதான தோட்டக்காரர் பத்துப் பேரை மட்டும் உள்ளே அழைத்துப் போனார். தொட்டியில் அமேசான் ராட்சத அல்லி. தட்டுப்போல் விளிம்பு மடங்கிய அந்த இலை மூன்று மீட்டர் அகலம்கூட வளரக்கூடியது. அவர் இலையின் ஓரத்தை மெல்லத் தூக்கிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்கத் தடித்த நரம்புகள், உத்தரம் போட்ட கூரைபோல் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, நெடுகிலும் முள்ளோடு இருந்தன. பிறகு அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தார். தண்ணீருக்குள் பட்டாணி அளவில் கருத்த விதைகள். "ஏன் தாத்தா தண்ணியில போட்டிருக்கீங்க, அழுகிடாதா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "காஞ்சா இது செத்துப்போயிடும் கண்ணு. தண்ணியிலயேதான் வெச்சிருக்கணும்" என்றார் அவர்.

அந்த அல்லி முதல் நாள் மாலை வெள்ளையாக விரியுமாம். வாசனைக்கும் பூவுக்குள் இருக்கும் சூட்டுக்கும் வண்டுகள் உள்ளே போகும். பூ மூடிக்கொள்ள, வண்டுகள் இரவும் மறுநாள் பகலும் சிறையிருக்கும். மறுநாள் மாலை அதே பூ இளஞ்சிவப்பாகத் திறக்கும்போது மகரந்தம் பூசிக்கொண்டு வெளியேறி அடுத்த வெள்ளைப் பூவைத் தேடிப் போகும். அந்த வண்டு இல்லாத ஊரில் வண்டின் வேலையைத் தாம் ஒரு தூரிகையை வைத்துக்கொண்டு செய்வதாக அவர் சொன்னார். இருபது நிமிடம்தான் பேசினார். இன்றும் எனக்கு அது அப்படியே நினைவிருக்கிறது.

இந்தத் தோட்டங்கள் தொடங்கியதே செடியைப் பக்கத்தில் வைத்துக் காட்டிப் பாடம் சொல்வதற்குத்தான். இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத் தோட்டம் 1545இல் மருத்துவ மாணவர்களுக்காக அமைக்கப்பட்டது. எது உண்மையான மூலிகை, எது போலி என்று வைத்தியர்களே தடுமாறிய காலம் அது. தவறான வேரை இடித்துக் கொடுத்தால் நோயாளியின் உயிர் போகும். 1585இல் அங்கே நட்ட ஒரு பனை வகை இன்னும் உயிரோடு நிற்கிறது. 1786இல் ஜெர்மானியக் கவிஞர் கதே அதைப் பார்த்து, ஒரே மரத்தில் இலைகள் கீழிருந்து மேலாக வடிவம் மாறுவதைக் கவனித்தார். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தோட்டத்தைத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1741 முதல் பொறுப்பேற்று நடத்தினார். பெயர்ப்பலகைகளில் நாம் பார்க்கும் இரண்டு சொல் அறிவியல் பெயர் 1753இல் அவர் நிலைநிறுத்திய முறை.

அந்தப் பலகையின் மூலையில் பல தோட்டங்களில் சின்னதாக ஓர் எண்ணும் இருக்கும். நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்? அந்தச் செடி எந்தக் காட்டிலிருந்து, எந்த ஆண்டு, யார் மூலம் வந்தது என்பது பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே எழுதியிருக்கும். பதிவேட்டின் ஒரு பக்கத்தையாவது மேசைமேல் விரித்து வைக்கலாமே! காட்டில் அற்றுப்போய்த் தோட்டத்தில் மட்டும் மிஞ்சிய செடிகளும் உலகில் உண்டு. அப்படி ஒன்று அங்கே இருந்தால் அதன் முன் நின்று சொல்ல ஒருவர் வேண்டாமா?

கூட்டத்தை உள்ளே விட்டால் பறிப்பார்கள், விதை திருடுவார்கள் என்பது நிர்வாகம் சொல்லும் காரணம். அது வீண் பயமில்லை. பாதுவாவிலேயே இரவுத் திருட்டுக்குப் பயந்துதான் வட்டமாக மதில் எழுப்பினார்கள். ஆனால் பத்துப் பத்துப் பேராக, தோட்டக்காரரோடு அனுப்பினால் யார் கை நீளப் போகிறது? வண்டி நிறுத்துமிடத்தைக் கவனிக்க வேறு ஆள் கிடைப்பார். நாற்றங்காலையும் விதை அறையையும் உலர்ந்த செடிகளை ஒட்டி வைத்திருக்கும் ஹெர்பேரியத்தையும் காட்ட அவரைவிட்டால் ஆள் இல்லை.

இன்னொன்று. அல்லி விரிவது இருட்டும் வேளையில். நான் போன தோட்டங்களிலோ ஐந்து மணிக்கே எல்லாரையும் வெளியேற்றிவிடுகிறார்கள். ஆண்டில் ஒரே ஒரு நாள், அது மலரும் மாலையாகப் பார்த்து, இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கும்படி இத்தகைய தோட்டங்களை நடத்துவோரைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்