வால்நட்சத்திரத்தின் வால் எந்தப் பக்கம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வால்நட்சத்திரம் பற்றிய உங்கள் செய்தியில், ராக்கெட் புகை போல வால் பின்னால் இழுபடுவதாக எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் நீளும். சூரியனை விட்டு விலகிப் போகும்போது வால் முன்னால் போகும், தலை பின்னால் வரும்!

வாலும் ஒன்றல்ல. 1997-ல் ஹேல்-பாப் என்ற வால்நட்சத்திரம் வந்தபோது இரண்டு தனித்தனியாகத் தெரிந்தன. சூரியக் காற்று (சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்னூட்டத் துகள்கள்) தள்ளும் வாயு வால் நீலமாக, நேராக இருந்தது. சூரிய ஒளியின் அழுத்தம் தள்ளும் தூசி வால் வெளிர்மஞ்சளாக, அகன்று, லேசாக வளைந்திருந்தது.

2024 அக்டோபரில் சுச்சின்ஷான்-அட்லஸ் என்ற வால்நட்சத்திரத்தைத் தேடி நாலைந்து நாள் மொட்டை மாடி ஏறினேன். மழைக்காலம், ஒரே மேகம். ஒருநாள் மேற்கே சற்று விலகியபோது பைனாகுலரில் சிக்கியது. கரும்பலகையில் எழுதியதை விரலால் இழுத்துவிட்ட மாதிரி ஒரு கோடு. அப்புறம் பக்கத்து வீட்டுப் பையனின் டெலஸ்கோப்பில் பார்த்தால் தலை மட்டும்தான் இருந்தது. அவ்வளவு நீள வால் அதன் குறுகிய பார்வைக்குள் அடங்கவில்லை. பெரிய கருவி வாங்கினால்தான் தெரியும் என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அந்த வாரம் வந்த படங்களில் சூரியனை நோக்கியும் மெல்லிய வால் ஒன்று இருந்தது. அது தோற்றம்தான். வால்நட்சத்திரத்தின் சுற்றுப்பாதை அமைந்த தட்டையான தளத்தைப் பூமி கடந்தபோது, பாதையில் உதிர்ந்து கிடந்த பெரிய தூசித் துகள்கள் பக்கவாட்டில் ஒரே கோடாகத் தெரிந்தன.

அடுத்த முறை படம் போடும்போது, எந்தத் திசையில், எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் தெருவில் மாடி ஏற ஆள் இருக்கிறது.

– வாசகர், திருப்பத்தூர்