யானையின் புள்ளி விலையைத் தொடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழங்காலப் போர்களை மினியேச்சர் படைகளைக் கொண்டு மேசைமேல் ஆடுவோருக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். போட்டிகளில் யானைப் படைகள் அடிக்கடி வெல்கின்றன, எனவே யானையின் புள்ளி விலையை ஐந்தில் ஒரு பங்கு உயர்த்த வேண்டும் என்று அது முடிகிறது. (புள்ளி விலை என்பது ஒரு பிரிவைப் படையில் சேர்க்க ஆகும் புள்ளிகள். இரு தரப்பும் ஒரே மொத்தப் புள்ளிக்குள் தத்தம் படையை அமைக்கும்.) ஆட்டம் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டுரையாளரின் அக்கறை எனக்கும் உண்டு. ஆனாலும் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

யானை யாரை வென்றது என்று கட்டுரை ஓரிடத்திலும் கேட்கவில்லை. அலெக்சாண்டருக்குப் பின் அவருடைய தளபதிகள் தமக்குள் மோதிக்கொண்டார்கள். கி.மு. 301இல் அவர்களுக்குள் நடந்த இப்சஸ் போரில் டெமெட்ரியஸ் தன் குதிரைப்படையுடன் எதிரியைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டார். அவர் திரும்பி வரும் வழியைச் செலூக்கஸின் யானைகள் மறித்து நின்றன. துணைக்கு ஆளின்றி அவருடைய தந்தை ஆன்டிகோனஸ் களத்திலேயே மாண்டார். பழக்கமில்லாத குதிரைகள் யானையின் வாடைக்கே மிரளும் என்பதைப் பழைய வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். கி.மு. 202இல் ஸாமாவுக்கு வாருங்கள். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் 80 யானைகள் இருந்தன. ரோமானியத் தளபதி சிப்பியோ தன் காலாட்படையின் அணிகளுக்கு நடுவே நேரான சந்துகளை விட்டு நிறுத்தினார். கொம்புகளின் முழக்கத்தில் மிரண்ட யானைகள் சில சொந்தக் குதிரைப்படை மீதே திரும்பின. மற்றவை எறியீட்டிகளை வாங்கிக்கொண்டு அந்தச் சந்துகளின் வழியே ஓடிப்போயின. ஒரே விலங்கு, எதிரே நிற்பவரைப் பொறுத்து இரண்டு மதிப்பு.

போட்டிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் குதிரைப்படையை நம்பி வந்திருந்தால் யானை வெல்லத்தான் செய்யும். அதற்காக விலையை ஏற்றினால், ரோமானியக் காலாட்படையின் எதிரே உட்காரும் கார்த்தேஜ்காரரும் சேர்ந்து தண்டம் கட்டுகிறார். அவர் செய்த குற்றம் என்ன?

நிலமும் இப்படித்தான். 1415இல் அஜின்கோர்ட்டில் ஆங்கில வில்லாளிகள் கூரிய மரக்கழிகளை முன்னால் நட்டுக்கொண்டு, உழுது மழையில் ஊறிய வயலின் கோடியில் நின்று வென்றார்கள். 1429இல் பட்டேயில், கழிகளை நட்டு முடிக்கும் முன்பே பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் அவர்கள் மேல் பாய்ந்துவிட்டார்கள், வில்லாளிகள் சிதறிப்போனார்கள். இந்த வில்லாளிக்கு ஒரே விலை எழுதுவது எப்படி? வில்லாளிக்கு ஒரு விலை, கழிக்குத் தனி விலை, கழியை நடுவதற்கு ஒரு முறை ஆட்டம் செலவாகும் என்றொரு விதி. இப்படிப் பிரித்துவிட்டால் விலைச் சண்டையில் பாதி ஓய்ந்துவிடும். விலையை ஏற்றி இறக்குவதைவிட, விலைக்குள் ஒளிந்திருப்பதை வெளியே எடுத்து வைப்பதே நல்ல திருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்ததைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் பெரும்பாலான விதிநூல்கள் தடுமாறும் இடம் இதுதான். முதல் உலகப் போர்க் காலத்தில் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் போர் இழப்புகளுக்கு இரண்டு சமன்பாடுகளைத் தந்தார். அவற்றை நம் மேசைக்குக் கொண்டுவருவோம். ஒரு வீரனின் தாக்கும் திறனையும் தாங்கும் திறனையும் இரட்டிப்பாக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எல்லோரையும் சுடக்கூடிய சண்டையில் அப்படிப்பட்ட 10 பேருக்கு ஈடாகச் சாதாரண வீரர்கள் 20 பேர் போதும். ஆளுக்கு ஆள் மட்டுமே மோத முடிகிற நெருக்கமான சண்டையில், அதே 10 பேருக்கு ஈடாக 40 பேர் வேண்டும். அங்கே கூட்டத்தில் பின்னால் நிற்பவரால் பயனில்லை, தன் முறை வரும்வரை காத்திருக்கத்தான் முடியும். ஆகவே ஒரே அளவு தேர்ச்சிக்கு, வில்லாளியிடம் இரு மடங்கு கேட்பது நியாயமாக இருக்கும். ஈட்டிச்சுவரில் நிற்பவரிடம் நான்கு மடங்கு வரை கேட்கலாம். உண்மையான ஆட்டம் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ நடக்கிறது. ஆனால் பல பட்டியல்கள் ‘தேர்ந்த வீரர்’ என்றதும் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே தொகையைக் கூட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பிறகு தேர்ந்த ஈட்டிவீரர்கள் எல்லாப் படைகளிலும் முளைக்கிறார்கள், தேர்ந்த வில்லாளிகள் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. இதற்கு யானையைக் குறை சொல்லிப் பயனில்லை.

மலிவும் ஒரு ஆயுதம் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. காகமேலாவிலும் (கி.மு. 331) மக்னீசியாவிலும் (கி.மு. 190) அரிவாள் பூட்டிய தேர்கள் எதையும் சாதிக்கவில்லை, மக்னீசியாவில் அவை சொந்தப் படையையே குலைத்தன. எனவே விலையைக் குறைத்துவிடலாம் என்கிறார். ஆனால் பல விதிகளில் ஒரு படை தன் பிரிவுகளில் குறிப்பிட்ட பங்கை இழந்ததும் தோற்றதாகிறது. அங்கே அற்ப விலைக்குக் கிடைக்கும் தேர் ஒன்றுமே செய்யாமல் பின்னால் நின்றாலும், படையின் எண்ணிக்கையை ஊதிக் காட்டித் தோல்வியைத் தள்ளிப்போடும். இரண்டாம் உலகப் போரை ஆடும் ‘போல்ட் ஆக்‌ஷன்’ விதிகளின் இரண்டாம் பதிப்பில் அனுபவமற்ற காலாள் 7 புள்ளி, சாதாரணக் காலாள் 10, தேர்ந்த காலாள் 13. அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் பையில் ஒரு கட்டளைப் பகடை விழுகிறது. பையிலிருந்து யாருடைய பகடை வருகிறதோ அவர் தன் பிரிவு ஒன்றை இயக்குவார். பகடை அதிகம் வைத்திருப்பவருக்கே செயல்படும் வாய்ப்பு அதிகம். ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடும்போது அந்தப் பகடை ஏறத்தாழ இலவசமாகப் போய்விடுகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிலையான தொகை, அதன்மேல் ஆள் கணக்கு என்று வைத்தால் இந்த ஓட்டை அடைபடும்.

அரிதானது என்பதற்காக விலையை ஏற்றும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் முதல் வகை டைகர் டாங்கிகள் 1,300க்குச் சற்று மேல்தான் தயாராயின, அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கிகளோ 49,000 அளவில். அதனால் ஒரு குறிப்பிட்ட சாலைத் திருப்பத்தில் நிற்கும் டைகரின் கவசம் தடித்துவிடுமா? எத்தனை கொண்டுவரலாம் என்று வரம்பு போடுங்கள். விலை என்பது அது மேசையில் செய்யும் வேலைக்கு மட்டுமே.

இனி சான்றுக்கு வருகிறேன். கட்டுரை காட்டுவது 20 ஆட்டங்கள், யானை தரப்புக்கு 13 வெற்றி. இரு தரப்பும் முற்றிலும் சமமாக இருந்தாலும்கூட, 20 ஆட்டங்களில் ஏதோ ஒரு தரப்பு 13 அல்லது அதற்கு மேல் வெல்ல நான்கில் ஒன்றுக்கும் கூடுதலான வாய்ப்பு உண்டு. நாணயத்தைச் சுண்டியே இதைப் பார்த்துவிடலாம். யார் ஆடினார்கள் என்பதும் சொல்லப்படவில்லை. கைதேர்ந்தவர்கள் யானையை விரும்பி எடுத்திருந்தால் அந்த 13 அவர்களுடைய திறமையின் கணக்கு.

புள்ளியே வேண்டாம் என்போரும் உண்டு. ‘டி பெல்லிஸ் ஆன்டிக்விடாட்டிஸ்’ விதிகள் 1990இலேயே இருபுறமும் 12 பிரிவுகள் என்று மட்டும் வைத்து அழகாக ஆடிக் காட்டின. பழகிய நண்பர்களுக்கு அது போதும். முன்பின் அறியாத இருவர் எதிரெதிரே உட்காரும்போது புள்ளி விலை தேவை. அதனால்தான் அதை இவ்வளவு எளிதாக மாற்றுவது என்னை வருத்துகிறது. மாதக்கணக்கில் இரவு இரவாக உட்கார்ந்து வண்ணம் தீட்டிய ஒரு படை, ஒரு பக்கக் கட்டுரையால் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. மாற்றத்தான் வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விலையை, சிறிய அளவில், காரணத்தோடு மாற்றட்டும்.

சோதிக்க ஒரு வழியும் சொல்கிறேன். இரு படைகளையும் நிலத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு ஆட்டக்காரர் இருவரும், யானை உள்ள தரப்பை ஆடத் தாம் எவ்வளவு புள்ளி விட்டுக்கொடுப்போம் என்று தாளில் எழுதி ஒரே நேரத்தில் காட்டட்டும். அதிகம் எழுதியவர் அத்தனை புள்ளியைத் தன் மற்றப் பிரிவுகளில் குறைத்துக்கொண்டு ஆட வேண்டும். அடுத்த ஆட்டத்தில் புதிதாக ஏலம், வேறு நிலம், வேறு எதிரி. குதிரைப்படைக்கு எதிராக ஒரு தொகையும் எறியீட்டிக் காலாட்படைக்கு எதிராக வேறொரு தொகையும் வருவதைக் கட்டுரையாளரே பார்ப்பார். அந்த இரு தொகைகளும் வெகுவாக விலகி நின்றால், விலையை விட்டுவிட்டு யானை மிரளும் விதியைத் திருத்த வேண்டும்.

இனி விலைத் திருத்தம் எதையாவது வெளியிட்டால், எந்தப் படைகளுக்கு எதிராக, எத்தகைய நிலத்தில், எத்தனை ஆட்டங்களில், தரப்பை மாற்றி ஆடினார்களா என்ற விவரங்களையும் உடன் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை எங்கள் குழுவில் யானை பழைய விலைக்கே ஆடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்