வெயிலில் காட்டும் வோல்ட்டை நம்பிப் பேட்டரியைக் கணக்கிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை வந்ததும் கேம்பர் டிரெய்லரைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு கிராம்பியன்ஸ் மலைக்கும் மர்ரே ஆற்றங்கரைக்கும் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களை இப்போது மெல்பனில் நிறையவே காண முடிகிறது. மின் இணைப்பு இல்லாத முகாம்களில் இவர்கள் நம்பியிருப்பது சோலார் பேனலையும் ஒரு பேட்டரியையும் மட்டுமே. அந்தப் பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதை அறியும் வழியை டிரெய்லரை விற்பவர்களோ வாடகைக்கு விடுபவர்களோ விளக்கிச் சொல்வதில்லை என்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

சென்ற ஈஸ்டர் விடுமுறையில் ஆற்றங்கரை முகாம் ஒன்றில் எங்களுக்கு அடுத்த இடத்தில் தங்கியிருந்த இளம் தம்பதியர், பிற்பகலில் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) திரை 13.6 வோல்ட் காட்டியதைப் பார்த்து, பேட்டரி நிரம்பிவிட்டது என்று நிம்மதியாக இருந்தார்கள். நள்ளிரவு தாண்டியதும் ஃப்ரிட்ஜ் எச்சரிக்கை ஒலி எழுப்பி நின்றுவிட்டது; குழந்தைக்கு வைத்திருந்த பால் விடிவதற்குள் கெட்டுவிட்டது. பேனலிலும் பேட்டரியிலும் எந்தப் பழுதும் இல்லை. வெயில் அடிக்கும்போது திரையில் தெரிவது, சார்ஜர் பேட்டரியின் மேல் செலுத்திக்கொண்டிருக்கும் மின்னழுத்தம். பாதி காலியான ஏஜிஎம் (அடைத்து மூடப்பட்ட ஒரு வகை ஈய-அமில) பேட்டரிகூட அந்த நேரத்தில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடும்போதோ இதற்கு நேர்மாறாக, உண்மை நிலையைவிடக் குறைத்துக் காட்டும்.

ஏஜிஎம் பேட்டரியின் உண்மை நிலையை வோல்ட் கொண்டு அறிய வேண்டுமானால், மின்னேற்றமும் செலவும் இல்லாமல் அதைச் சில மணி நேரமாவது ஓய்வில் விட்டு அளக்க வேண்டும். அப்போது 12.8 வோல்ட் அளவில் இருந்தால் நிரம்பியிருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12-க்குக் கீழே என்றால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கவிட்டால் இவ்வகைப் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆகவே 100 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி) என்று எழுதியிருந்தாலும் நமக்கு உரியது 50 மட்டுமே.

இனி வரவுப் பக்கம். தென்கோளத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால் பேனல் வடக்கு நோக்கி இருக்க வேண்டும்; ஊரில் வீட்டு மாடியில் தெற்கு நோக்கிப் பேனல் வைத்துப் பழகியவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. ஜூன் மாதத்தில் மெல்பனில் உச்சிப் பொழுதிலும் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. டிரெய்லரின் கூரையில் படுத்திருக்கும் 160 வாட் பேனல் நல்ல வெயிலில் 8 ஆம்பியர் தருவதாகவே வைத்துக்கொண்டாலும், அம்மாதத்தில் ஒரு நாளைக்குக் கிடைப்பது அப்படிப்பட்ட வெயிலில் சுமார் 2 மணி நேரத்துக்குச் சமமான ஒளிதான். அதாவது 16 ஆம்பியர்-மணி. ஃப்ரிட்ஜ் 30, விளக்கு, தண்ணீர் பம்பு, கைப்பேசிகளுக்கு 10 என்று ஒரு நாள் செலவு 40 ஆம்பியர்-மணி ஆகும்போது, நிரம்பிய பேட்டரியுடன் சென்றவர்களும் மூன்றாம் நாளில் சிக்கலில் மாட்டுவார்கள். ஜனவரியில் அதே பேனல் 50 ஆம்பியர்-மணிக்கு அருகில் தரும் என்பதால், கோடையில் தொல்லை தராத டிரெய்லர் குளிர்காலத்தில் ஏமாற்றிவிட்டது என்று பலர் வருந்துகிறார்கள். தரையில் நிறுத்திச் சாய்க்கக்கூடிய மடக்குப் பேனல் குளிர்காலத்தில் கைகொடுக்கும். ஆனால் யூகலிப்டஸ் கிளை ஒன்றின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் போதும், வரவு பெருமளவு சரிந்துவிடும்.

பேனலிலிருந்து வரும் ஆம்பியர் குறைந்தாலே பழுது என்று பதறுகிறவர்களும் உண்டு. ஆம்பியரைத் தனியாகப் பார்க்காமல் வோல்ட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 14.4 வோல்ட்டில் நின்றுகொண்டு ஆம்பியர் படிப்படியாகக் குறைந்தால், பேட்டரி நிரம்பும் கட்டத்தை அடைந்து மின்சாரத்தைக் குறைவாக ஏற்கிறது என்று பொருள். அது நல்ல செய்தி. 12.6 வோல்ட்டில் இருக்கும்போதே ஆம்பியர் குறைவாக இருந்தால் நிழல், மேகம், தளர்ந்த இணைப்பு இவற்றில் ஒன்றைத் தேட வேண்டும்.

லித்தியம் பேட்டரி வாங்கியவர்களுக்கு வோல்ட் இன்னும் குறைவாகவே உதவும். முக்கால் பங்கு இருக்கும்போதும் பாதி இருக்கும்போதும் அது ஏறக்குறைய ஒரே வோல்ட்டைக் காட்டி, தீரும் தறுவாயில் சட்டென்று சரியும். ஸ்நோயி மலைப் பகுதியில் குளிர்கால இரவில் பேட்டரியின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால், அதைக் காக்கும் மின்னணுச் சுற்று காலையில் மின்னேற்றத்தை மறுத்துவிடும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

எவ்வகைப் பேட்டரியானாலும் நம்பத்தக்கது ஷன்ட் (தன் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை) பொருத்திய ஆம்பியர்-மணி மீட்டர்தான். வீட்டு வரவு செலவு நோட்டைப் போல, உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் கூட்டிக் கழித்து மீதியைச் சொல்வது அது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஷன்ட்டுக்கு ஒரே ஒரு வயர் மட்டும் போக, மற்ற எல்லா நெகட்டிவ் வயர்களும் ஷன்ட்டின் மறுபக்கத்தில் சேர வேண்டும். பிற்பாடு வாங்கிய இன்வெர்ட்டரின் வயரை நேராகப் பேட்டரி முனையில் முடுக்கிவிட்டால், அந்தச் செலவு மீட்டரின் கணக்குக்கு வராமலே போய்விடும். பேட்டரியின் கொள்ளளவை மீட்டரில் சரியாகப் பதிவதும், அவ்வப்போது பேட்டரியை முழுமையாக நிரப்பி மீட்டரை 100 சதவீதத்தில் ஒத்திசையச் செய்வதும் அவசியம்.

பல ஆயிரம் டாலர் விலையுள்ள டிரெய்லர்களில்கூட நான்கு சிறு விளக்குகள் கொண்ட காட்டியை மட்டும் வைத்துக் கொடுப்பது நியாயமல்ல என்று உறுதியாகக் கருதுகிறேன். அந்த விளக்குகளும் வோல்ட்டைத்தான் பார்க்கின்றன. இத்தொழிலில் நம்மவர்களும் இருப்பதால், தங்கள் இதழ் வழியே அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சாவியைக் கொடுக்கும்போதே பேட்டரியின் வகை, பயன்படுத்தக்கூடிய ஆம்பியர்-மணி, ஃப்ரிட்ஜின் ஒரு நாள் செலவு, பேனலின் கோடை வரவு, குளிர்கால வரவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பேட்டரிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மெல்பன்.