மரை பொருந்தாத அந்த ராத்திரி

அன்புள்ள மாப்ள,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, உடனே பதில் போடணும்னுதான் இருந்தேன், முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்பத்தான் கைத்தடி இல்லாம நடக்கறேன், அதான் லேட்டாயிருச்சு. உனக்கு பேத்தி பொறந்த சேதி கேட்டு வீட்ல எல்லாருக்கும் அவ்ளோ சந்தோஷம், போட்டோ கண்டிப்பா அனுப்பு.

நீ கேட்ட விஷயத்துக்கு வரேன். உள்ளூர் தீயணைப்பு நிலையங்களுக்கு சென்ட்ரல் கவர்மெண்ட் என்ன செய்யணும்னு கமிட்டில பேசக் கூப்பிட்டிருக்காங்க, என்ன சொல்லட்டும்னு எழுதியிருக்க. ரெண்டு நாளா யோசிச்சேன்டா, எப்படி சுத்திப் பாத்தாலும் மனசு அந்த குடோன் ராத்திரிலதான் வந்து நிக்குது. பக்கத்து நிலையத்து வண்டி வந்துருச்சு, ஆளும் ஃபுல்லா இருந்தாங்க, அவங்க ஹோஸை தீயணைக்க தண்ணி எடுக்கற நம்ம ஹைட்ரண்ட் குழாய்ல மாட்டப் போனா மரை பிடிக்கல. நீ மண்டி போட்டு உக்காந்து திருப்பித் திருப்பிப் பாத்த, ரெண்டு சுத்து ஏறும் மூணாவதுல வழுக்கிரும், பித்தளை விளிம்பு பட்டு உன் உள்ளங்கை கிழிஞ்சு ரத்தம் வந்தது கூட உனக்குத் தெரியல. ரெண்டு அளவையும் சேத்து மாட்டற அடாப்டர் இருந்துச்சு, ஆனா ஸ்டோர் ரூம்ல பூட்டி இருந்துச்சு, சாவி லீவுல போனவர்கிட்ட. தண்ணி இருக்கு, வண்டி இருக்கு, ஆள் இருக்கு, நடுவுல ஒரு கையளவு பித்தளை பொருந்தாததால அந்தக் கூரை நம்ம கண்ணு முன்னாடி உள்ள இறங்குச்சு.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லடா. 1904 பிப்ரவரில அமெரிக்கால பால்டிமோர் நகரம் எரிஞ்சப்போ வாஷிங்டன்லருந்து ரயில்ல இன்ஜின் ஏத்திட்டு வந்தாங்க, வந்து பாத்தா அவங்க ஹோஸ் முனைல இருக்கற கப்ளிங் அந்த ஊர் ஹைட்ரண்ட்டுக்கு பொருந்தல. சுமார் 30 மணி நேரம் எரிஞ்சு 1,500 கட்டடத்துக்கு மேல போச்சு. அப்புறம் கணக்கெடுத்தா நாடு முழுக்க 600க்கு மேல விதவிதமான கப்ளிங் இருந்திருக்கு. அடுத்த வருஷமே ஒரு தேசிய அளவு முடிவு பண்ணிட்டாங்க, ஆனா பின்பத்தறது அந்தந்த ஊர் இஷ்டம்னு விட்டதுல, பால்டிமோர் தீக்கு 87 வருஷம் கழிச்சு 1991ல கலிபோர்னியால ஓக்லாண்ட் மலைல தீப்பிடிச்சப்போ அந்த ஊர் ஹைட்ரண்ட் 3 இஞ்சு, உதவிக்கு வந்தவங்க ஹோஸ் இரண்டரை இஞ்சு. 25 பேர் செத்தாங்க. காத்தும் காய்ஞ்ச மரமும்தான் பெரிய காரணம், ஆனாலும் அத்தனை வருஷம் கழிச்சும் மாட்ட முடியாம நின்னாங்கங்கறத என்னால ஜீரணிக்கவே முடியல.

அதனால நான் முதல்ல சொல்றது இதான், மேல இருக்கறவங்க செய்ய வேண்டிய முதல் வேலை எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்த வைக்கறது. கப்ளிங், ரேடியோ சேனல், மூச்சுக் கருவியோட சிலிண்டர், கமாண்டுக்கு சொல்ற வார்த்தை கூட. இத எந்த முனிசிபாலிட்டியும் தனியா செய்ய முடியாது, அவங்கவங்க எல்லைக்குள்ள அவங்கவங்க அளவு சரியாத்தான் இருக்கும்.

ஆனா ஒண்ணு, எல்லாத்தையும் கையில எடுத்துக்கறேன்னு சொல்லிறக் கூடாது. இங்கிலாந்துல குண்டு மழைக்கு நடுவுல ஆயிரத்துக்கு மேல இருந்த சின்னச் சின்ன தீயணைப்பு படைகளை 1941ல ஒரே தேசிய படையா ஆக்கினாங்க, அது போர்க்காலம், சரி, ஆனா 1948ல திரும்ப உள்ளூர் கையிலயே குடுத்துட்டாங்க. எந்த சந்துல வண்டி திரும்பாது, எந்த மாடில படுத்த படுக்கையா ஒரு பாட்டி இருக்காங்கன்னு அங்கயே இருக்கறவனுக்குத்தான் தெரியும்.

ஜப்பான்காரங்க செஞ்சது எனக்கு ரொம்ப பிடிச்சது. அங்க தீயணைப்பு நகராட்சி பொறுப்புதான். 1995 கோபே பூகம்பத்துக்கு அப்புறம், எந்த நிலையத்துலருந்து எந்த டீம் கிளம்பும்னு முன்கூட்டியே பதிவு பண்ணி வச்சு ஒரு அவசர உதவிப் படை உருவாக்கினாங்க, பின்னாடி சட்டத்தையும் திருத்தி பெரிய பேரிடர்னா தேசிய ஏஜென்சியே போன்னு உத்தரவு போடலாம்னு ஆக்கினாங்க. 2011 சுனாமிக்கு கிட்டத்தட்ட 30,000 பேர் மாறி மாறி போனாங்க, 88 நாள். யார் அனுப்பறது யார் செலவு பண்றதுன்னு அப்ப உக்காந்து பேசிட்டு இருந்தா நடந்திருக்குமா சொல்லு.

பணம் விஷயத்துல ஜாக்கிரதையா பேசு. புது வண்டி வந்த அன்னைக்கு ஞாபகம் இருக்கா, மாலை போட்டு போட்டோ எடுத்தாங்க, சாயங்காலம் ஷெட்டுக்குள்ள விடப் போனா ஏணி நிலைல இடிக்குது, கதவு உயரம் பத்தல. ஒரு மழைக்காலம் முழுக்க வெளிலயே நின்னு பம்ப் வால்வு துருப்பிடிச்சுது. நம்மள கேட்டிருந்தா ஒரு டேப் வச்சு அளந்து சொல்லியிருப்போம். அமெரிக்கால ஒரு மானியத் திட்டம் இருக்கு, ஊர் தனக்கு என்ன வேணும்னு தானே எழுதிக் கேக்கணும், ஊரும் தன் பங்கு போடணும், 20,000 பேருக்குள்ள இருக்கற சின்ன ஊர்னா 5 சதவீதம், பத்து லட்சம் தாண்டின ஊருக்கு 15 சதவீதம். ஆள் எடுக்கறதுக்குன்னே தனியா இன்னொரு மானியமும் இருக்கு. வண்டிய ஒரு தடவ வாங்கிரலாம், அத ஓட்டறவனுக்கு மாசா மாசம் சம்பளம் வேணும், ட்ரெய்னிங் வேணும், நுரையீரல் டெஸ்ட் வேணும், கமிட்டில இத அழுத்தி சொல்லு.

அந்த ராத்திரி கப்ளிங் ரெண்டும் என்கிட்டதான் இருக்கு, நிலையத்த மாத்தினப்போ பழைய இரும்போட போட இருந்தாங்க, நான் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். மீட்டிங்குக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து எடுத்துட்டு போ. மேஜை மேல வச்சு, தலைவர் கைலயே குடுத்து மாட்டிப் பாக்கச் சொல்லு.

அன்புடன்,
உன் மாப்ள