ஆளுக்கொரு பாத்திரம்

மண்டபம்,
மே மாதம்.

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அதனால் இவர் வீட்டோடுதான். வலை பின்னுவதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதுமாகப் பொழுது போகிறது.

கோயம்புத்தூர்ச் சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட ஆசை, ஆனால் பத்துப் பேருக்குச் சமைக்க உடம்பில் தெம்பில்லை என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பத்துப் பேருக்கும் நீயே ஏன்டி சமைக்க வேண்டும்? நாங்கள் இங்கே தடைக்காலத்தில் கூடும்போது, யார் வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டுக்காரி சோறும் ரசமும் மட்டும்தான் வைப்பாள். மற்றதெல்லாம் வருகிறவர்கள் கையில் வரும்.

ஒன்று மட்டும் கவனம். “ஏதாவது கொண்டு வா” என்று சொல்லிவிடாதே. மூன்று வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு வறுவல் வந்து நிற்கும், குழம்பு ஒருத்தியிடமும் இருக்காது. யாருக்கு எது கைவந்ததோ அதைப் பெயர் சொல்லிக் கேள். இங்கே தங்கச்சிமடத்து அக்காவிடம் நண்டுத் தொக்கு கேட்டால் அவருக்கு முகமே மலர்ந்துவிடும். நம் முண்டு மிளகாயை அரைத்து அவர் வைக்கிற தொக்கின் வாசனை தெருமுனையிலேயே தெரியும். கீழக்கரைத் தோழி தொதல் கொண்டு வருவாள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஊற்றி மணிக்கணக்கில் கிண்டுகிற இனிப்பு, அதை நாம் வீட்டில் செய்து பார்க்கிற வேலையே வேண்டாம். ராமேஸ்வரத்துத் தோழி சைவம். அவளுடைய அவியலுக்குத் தனிக் கரண்டி, தனி இடம். அதை முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுவோம்.

அப்புறம், இதில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற விஷயம். தடைக்காலத்தில் எல்லா வீட்டிலும் காசு புழங்காது. நிவாரணப் பணம் எத்தனை நாளைக்கு வரும்? அந்த நேரத்தில் ஒருத்தியிடம் போய் இறால் கேட்டால், கடன் வாங்கியாவது கொண்டு வருவாள், இல்லாவிட்டால் தலைவலி என்று சொல்லி வராமலே இருந்துவிடுவாள். அவள் வீட்டு முருங்கையில் கீரை தழைத்துக் கிடக்கிறதா, அதை உருவிப் பொரியல் செய்து கொண்டு வா என்று நாமே கேட்டுவிட வேண்டும். இலையில் அந்தக் கீரைதான் முதலில் தீர்கிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வேலைக்குப் போகிறவளிடம் தயிரும் அப்பளமும் போதும். யார் எவ்வளவு கொண்டு வந்தார்கள் என்று ஒருநாளும் கணக்குப் பார்க்காதே, பார்க்கிறவர்கள் பக்கத்தில் உட்காரவும் செய்யாதே.

அளவைப் பொறுத்தவரை, தொட்டுக்கொள்ள இத்தனை இருக்கும்போது தலைக்கு நூறு கிராம் அரிசி தாராளம். அவரவர் கறி கூட்டம் முழுவதற்கும் வேண்டியதில்லை, ஆளுக்கு ஒரு கரண்டி வருகிற மாதிரி இருந்தால் சரி. சோற்றை மட்டும் கடைசியில் வடி, சூட்டோடு பரிமாறு. வடித்த சோறு வெக்கையில் மணிக்கணக்காகக் கிடந்தால் வயிற்றைக் கெடுக்கும். மீன் வாங்குகிறவளிடமும் சொல்லி வை. சூரை, காணாங்கெளுத்தி இரண்டும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகிவிடும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. இங்கேயாவது தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் காலையிலேயே கரைக்கு வந்துவிடும். உனக்கு அது லாரியில் வந்து சேரவேண்டியது, அதனால் கூடுதல் கவனம்.

வாழையிலை போட்டுவிடு, பாத்திரம் துலக்குகிற பாடு பாதி குறையும். கீழக்கரைக் கல்யாணங்களில் சகன் வைத்து, பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்களே, போன தடவை அந்தத் தோழி எங்களையும் அப்படி உட்காரவைத்தாள். முதலில் எல்லோருக்கும் கூச்சம். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி மீன் முள்ளை எடுத்துவிட்டு இன்னொருத்தி பக்கம் தள்ளுகிறாள், வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த இருவர் பேசுகிறார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்தே இருந்தேன், ஜெயா. அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழுந்திருக்காது. அதற்காகத்தான் உன்னிடம் இவ்வளவு சொல்கிறேன்.

உன் வீட்டில் கூடி முடித்ததும் இங்கே வா. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுவது நின்றதிலிருந்து ராமேஸ்வரம் போக பஸ்ஸைத்தான் நம்பியிருந்தோம். 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி ஓடுகிறது, உன்னைக் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய்வர ஆசை. ஜூன் 14-க்குள் வந்தால் எல்லோரும் ஊரில் இருப்பார்கள், நுங்கும் கிடைக்கும். கோயம்புத்தூர் போய்க் கற்றுக்கொண்டாயே அரிசிம்பருப்புச் சோறு, அதை உன் பங்காக வைத்திருக்கிறேன். பருப்பும் மசாலாவும் நீ கொண்டு வா, அரிசி இங்கே இருக்கிறது. என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் முன்கூட்டியே எழுது, மற்றவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மல்லிகா