ஹாங்காங்கில் தீர்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்திடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலம் ஏற்றுமதியாளர்களுக்கு ஒப்பந்தம் எழுதித் தரும் வழக்கறிஞர் நான். கருப்பூர் பக்கம் மேக்னசைட் செங்கல் செய்பவர்கள், ஏற்காட்டுக் காபிக்காரர்கள் என்று பலர் வருகிறார்கள். வாங்குவது வெளிநாட்டு அரசு என்றால், "கவர்மென்ட் ஆச்சே, பணம் எங்கே போகும்?" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கோ அங்கேதான் பயம். தகராறு வந்தால் ஹாங்காங்கில் நடுவர் தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்குப் பதில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தரும் தீர்ப்பு, என்ற வரியை யாரும் யோசிப்பதே இல்லை.

பிரிட்டன் ஆண்ட காலத்தில், வியாபாரக் கடனுக்காக ஒரு வெளிநாட்டு அரசின் மீதும் ஹாங்காங்கில் வழக்குப் போட முடிந்தது. காங்கோ நாட்டிடமிருந்து நடுவர் தீர்ப்புப் பணத்தை வசூலிக்க ஓர் அமெரிக்க நிதி நிறுவனம் போன வழக்கில், 2011-இல் அந்தக் கதவு மூடியது. ஹாங்காங்கின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்து, பெய்ஜிங்கின் விளக்கத்தைக் கேட்டது. இது வெளியுறவு விஷயம், வெளிநாட்டு அரசு மீது வழக்கே கூடாது என்ற சீன மத்திய அரசின் கொள்கையையே ஹாங்காங் பின்பற்ற வேண்டும் என்று ஆகஸ்டில் பதில் வந்தது. அப்புறம் 2023 செப்டம்பரில் சீனாவே சட்டத்தை மாற்றியது. 2024 ஜனவரி 1 முதல் வியாபாரத் தகராறுகளில் வெளிநாட்டு அரசுக்கு அங்கே வழக்கிலிருந்து விலக்கு இல்லை. கதவு திறந்தது நல்லதே. ஆனால் மூடியதும் திறந்ததும் பெய்ஜிங்கின் முடிவு. தனி நீதிமன்றம், தனிச் சட்டமுறை என்று வாக்குறுதி பெற்ற ஒரு தன்னாட்சிப் பகுதிக்கு இதில் சொந்தக் குரல் இல்லாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சரி, நம் ஊரில்? உரிமையியல் நடைமுறைச் சட்டம் 86-ஆவது பிரிவின்படி, வெளிநாட்டு அரசு மீது வழக்குப் போட மத்திய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அல்ஜீரியத் தூதரகத்தில் பராமரிப்பு வேலை செய்த ஒப்பந்தக்காரர் தன் கூலிப் பணத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அரசியல் காரணம் சொல்லி மத்திய அரசு மறுத்த அனுமதியை மறுபரிசீலனை செய்யும்படி 1986-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. நடுவர் தீர்ப்பை நிறைவேற்ற அந்த அனுமதி தேவையில்லை என்று 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது ஆறுதல். ஆனால் வெளிநாட்டு அரசுகளுக்கான இந்த விலக்கு பற்றிய ஐ.நா. ஒப்பந்தத்தில் 2007-இல் கையெழுத்திட்ட இந்தியா, இன்னும் இதற்கென்று தனிச் சட்டம் இயற்றவில்லை. நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் இதை அவையில் எழுப்ப வேண்டும்.

அதுவரை ஏற்றுமதியாளர்கள் ஒன்று செய்யலாம். வழக்கிலிருந்து விலக்கு கோரமாட்டோம் என்றும், சொத்தைப் பறிமுதல் செய்வதையும் தடுக்கமாட்டோம் என்றும் எதிர்த்தரப்பு அரசிடம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். முதல் வாக்குறுதி மட்டும் இருந்தால் தீர்ப்பு கிடைக்கும், பணம் கிடைக்காது.

ஒரு வழக்கறிஞர்,
அஸ்தம்பட்டி, சேலம்